சின்ன பாய்லருக்கு ஃபீட் வாட்டரைச் சூடாக்க எந்த வழி?

ஃபீட் வாட்டர் என்பது பாய்லருக்குள் ஊட்டும் தண்ணீர். மணிக்கு 500 கிலோ நீராவி, 7 பார் அழுத்தம் (கேஜ் காட்டும் அளவு): இப்படி ஒரு பாய்லரை மாதிரியாக வைத்தே இங்கே எல்லாக் கணக்கையும் போட்டிருக்கிறோம். உங்களுடையது 200 கிலோவோ 1,000 கிலோவோ, விகிதம் பெரிதாக மாறாது.

7 பாரில் தண்ணீர் சுமார் 170 டிகிரியில் கொதிக்கிறது. அந்த அழுத்தத்தில் ஒரு கிலோ நீராவிக்குள் இருக்கும் மொத்த வெப்பம் 2,769 கிலோஜூல். 30 டிகிரித் தண்ணீர் பாய்லருக்குள் போகும்போது 126 கிலோஜூலைக் கையோடு கொண்டுபோகிறது. 85 டிகிரித் தண்ணீர் 356 கொண்டுபோகிறது. ஆக, பாய்லர் தன் பங்குக்குச் சேர்க்க வேண்டியது முதலாவதில் 2,643, இரண்டாவதில் 2,413. வித்தியாசம் 8.7 சதவீதம். 'தண்ணீரை 6 டிகிரி ஏற்றினால் 1 சதவீத எரிபொருள் மிச்சம்' என்ற கைக்கணக்குக்கு இதுதான் அடிப்படை.

இந்தக் கைக்கணக்கைப் பிடித்துக்கொண்டு கருவி வாங்கப் போகிறவர்கள் முதலில் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. கூடுதலாக ஏறிய அந்த 230 கிலோஜூல் எங்கிருந்து வந்தது? பாய்லரின் நீராவியையே திருப்பி டேங்கில் விட்டுச் சூடாக்கினால், அதை உண்டாக்கியதும் அதே எரிபொருள்தான். பில்லில் ஒரு பைசா குறையாது. சாக்கடையில் ஓடும் கண்டென்சேட் (வேலை முடித்த நீராவி குளிர்ந்து ஆன தண்ணீர்), புகைபோக்கி வழியாக வெளியேறும் சூடான புகை, எஞ்சினிலிருந்து வெளியே விடும் எக்ஸாஸ்ட் நீராவி என்று ஏற்கெனவே வீணாகும் வெப்பத்தைப் பிடித்துத் திருப்பினால் மட்டுமே எரிபொருள் மிச்சமாகும். வழிகளை ஒப்பிடும்போது இந்த ஒரு பிரிவினையைக் கடைசிவரை மறக்கக் கூடாது.

மிச்சம் இல்லாவிட்டாலும் சூடாக்கத்தான் வேண்டும்

காரணம் ஆக்சிஜன். திறந்த டேங்கில் 30 டிகிரியில் இருக்கும் தண்ணீரில் லிட்டருக்கு சுமார் 7.5 மில்லிகிராம் ஆக்சிஜன் கரைந்திருக்கும். 80 டிகிரியில் அது 3-க்குக் கீழே இறங்கும். 90 டிகிரியில் 1.6 அளவில் நிற்கும். மிஞ்சிய ஆக்சிஜன் பாய்லருக்குள் போனால் டியூபில் ஊசி குத்தியது போலப் புள்ளிப் புள்ளியாகக் குழி விழும். தகடு முழுக்கச் சமமாகத் தேய்ந்தால் வருடக்கணக்கில் தாங்கும். குழி அப்படியல்ல, ஒரே இடத்தில் இறங்கி ஓட்டை போட்டுவிடும்.

ஆக்சிஜனை மருந்தால் பிடிக்கலாம். ஒரு கிராம் ஆக்சிஜனுக்குச் சுமார் 8 கிராம் சோடியம் சல்ஃபைட் தேவை. 30 டிகிரித் தண்ணீரை அப்படியே ஊட்டினால் நம் மாதிரி பாய்லருக்கு மணிக்கு 30 கிராம் போகும். 85 டிகிரி என்றால் 10 கிராமுக்குள் முடியும். (பாய்லர் தண்ணீரில் எப்போதும் மிச்சமாக நிற்க வேண்டிய அளவு இதற்கு மேல்.) போட்ட சல்ஃபைட் எல்லாம் கரைந்த உப்பாகத் தங்கி டி.டி.எஸ். அளவை (தண்ணீரில் கரைந்திருக்கும் மொத்த உப்பை) ஏற்றும், அதனால் ப்ளோடவுன் (உப்பேறிய பாய்லர் தண்ணீரை வெளியே விடுவது) கூடும், அதனோடு வெப்பமும் போகும். குளிர்ந்த தண்ணீரில் சல்ஃபைட் மெதுவாகத்தான் வேலை செய்யும் என்பதும் கவனிக்க வேண்டியது. அதைச் சூடான ஃபீட் டேங்கிலேயே விடுவது நல்லது. பம்புக்குப் பிறகு விட்டால் வேலை செய்ய நேரம் போதாது.

இரண்டாவது காரணம் பாய்லரின் உடம்பு. 170 டிகிரியில் இருக்கும் தகட்டின் மேல் 30 டிகிரித் தண்ணீர் விட்டு விட்டு விழுந்தால் டியூப் ஷீட்டில் (டியூப் நுனிகள் பொருந்தும் தகட்டில்) விரிசலும், டியூப் நுனியில் கசிவும் வரும். பம்ப் ஓடும் ஒவ்வொரு முறையும் பிரஷர் கேஜ் முள் இறங்கி ஏறுவதைக் கண்ணால் பார்க்கலாம்.

மூன்றாவது, பெயர்ப்பலகை. சின்ன பாய்லர்களில் பலவற்றின் கொள்ளளவை '100 டிகிரித் தண்ணீரிலிருந்து 100 டிகிரி நீராவி' என்ற கணக்கில்தான் குறிப்பார்கள். அந்தக் கணக்கில் ஒரு கிலோவுக்கு 2,257 கிலோஜூல் போதும். பலகையில் 500 கிலோ என்று இருந்தால், 7 பாரில் 30 டிகிரித் தண்ணீரோடு உண்மையில் கிடைப்பது 427 கிலோ. 85 டிகிரித் தண்ணீரோடு 468. நீராவி பத்தவில்லை என்று பெரிய பாய்லர் தேடுவதற்கு முன் ஃபீட் டேங்கில் ஒரு தெர்மாமீட்டரை வைத்துப் பாருங்கள்.

கண்டென்சேட்: முதல் வரிசை இதற்குத்தான்

வேலை முடித்த நீராவி தண்ணீராகி ட்ராப் (நீராவியை நிறுத்தித் தண்ணீரை மட்டும் விடும் வால்வு) வழியாக வெளியே வரும்போது அதில் வெப்பம் இருக்கிறது. அது உப்பில்லாத தண்ணீர். சாஃப்ட்னரில் (தண்ணீரின் கடினத்தன்மையை நீக்கும் கருவியில்) ஏற்கெனவே செலவு செய்து சுத்தப்படுத்திய தண்ணீரும்கூட. இதைவிட நல்ல ஃபீட் வாட்டர் கிடைக்காது.

கணக்கைப் பாருங்கள். 60 சதவீதம் கண்டென்சேட் 90 டிகிரியில் டேங்குக்குத் திரும்புகிறது, மீதி 40 சதவீதம் 30 டிகிரி மேக்கப் தண்ணீர் (குறைவதை ஈடுகட்டச் சேர்க்கும் புதுத் தண்ணீர்). கலந்தால் 66 டிகிரி. ஒரு பைசா எரிபொருள் கூடுதலாக எரிக்காமல் 36 டிகிரி ஏறிவிட்டது. ஏறத்தாழ 6 சதவீத மிச்சம்.

அதோடு நிற்கவில்லை. மேக்கப் தண்ணீரின் டி.டி.எஸ். லிட்டருக்கு 300 மில்லிகிராம் என்றும், பாய்லரில் 3,000 வரை விடலாம் என்றும் வைத்துக்கொள்ளுங்கள். கண்டென்சேட் திரும்பாதபோது நீராவி அளவில் 11 சதவீதம் தண்ணீரை ப்ளோடவுனில் கொட்ட வேண்டும். 60 சதவீதம் திரும்பினால் ஃபீட் வாட்டரின் டி.டி.எஸ். 120 ஆகி, ப்ளோடவுன் 4 சதவீதத்துக்கு இறங்கும். மருந்தும் சாஃப்ட்னர் உப்பும் அதே விகிதத்தில் குறையும். பைப், ஒரு சின்ன ரிசீவர், தேவைப்பட்டால் ஒரு பம்ப், இவ்வளவுதான் செலவு.

தவறு நடக்கும் இடங்கள் இரண்டு. முதலாவது, ட்ராபுக்குப் பின்னால் வரும் எதிரழுத்தம். கண்டென்சேட்டை மேலே ஏற்ற 1 மீட்டருக்கு 0.1 பார் பிடிக்கும். கருவிக்குள் நீராவி அழுத்தம் 0.3 பார்தான் என்றால், 4 மீட்டர் உயரத்தில் இருக்கும் டேங்குக்கு அது தானாக ஏறாது. கருவியின் ஜாக்கெட்டிலேயே (நீராவி ஓடும் வெளியுறையிலேயே) தண்ணீர் தேங்கி, சூடேறாமல் நின்று, 'டப் டப்' என்று வாட்டர் ஹேமர் (நீராவி தள்ளும் தண்ணீர் பைப்பில் மோதும் அடி) கேட்கும். அங்கே கீழே ஒரு ரிசீவரும் பம்பும் வைத்துத்தான் ஏற்ற வேண்டும்.

இரண்டாவது, அசுத்தம். சாயம், சர்க்கரை, எண்ணெய் போன்றவற்றைச் சூடாக்கும் காயிலில் ஒரு ஓட்டை விழுந்தால், அந்தச் சரக்கு நேராகப் பாய்லருக்கு வந்து நுரைக்கும். சந்தேகமான கருவியின் லைனில் கண்டக்டிவிட்டி மீட்டரும், அளவு ஏறினால் சாக்கடைக்குத் திருப்பும் வால்வும் வையுங்கள். மீட்டருக்கு எண்ணெயும் சர்க்கரையும் தெரியாது. அத்தகைய இடத்தில் கண்ணாடிப் பாட்டிலில் பிடித்துப் பார்ப்பதும், முடியாவிட்டால் அந்த லைனை மட்டும் விட்டுவிடுவதும் சரி.

டேங்கில் நீராவி விடுவது

கண்டென்சேட் 66 டிகிரிக்குக் கொண்டுவந்துவிட்டது. ஆக்சிஜனுக்கு அது போதாது, 80-85 வேண்டும். மீதி 19 டிகிரியை பாய்லர் நீராவியால் ஏற்ற மணிக்கு 16 கிலோ நீராவி போகும். கண்டென்சேட்டே இல்லாமல் 30-லிருந்து ஏற்றினால் 43 கிலோ, அதாவது மொத்த நீராவியில் 8.7 சதவீதம் டேங்குக்கே போய்விடும். முதலில் பார்த்த அதே 8.7 தான். மேலே மிச்சம் பிடித்ததாக நினைத்தது இங்கே செலவாகிவிடுகிறது. எரிபொருள் மிச்சம் என்று சொல்லி யாராவது இந்த ஏற்பாட்டை விற்றால் நம்ப வேண்டாம். பாய்லர் டியூபின் ஆயுளுக்காகவும் மருந்துச் செலவுக்காகவும் செய்தால் முழுக்க நியாயம்.

செய்யும் விதம்: நீராவியை 1 பாருக்குக் குறைத்து, தானாக இயங்கும் டெம்பரேச்சர் கன்ட்ரோல் வால்வு வழியாக, டேங்கின் அடியில் படுக்கவைத்த ஒரு ஸ்பார்ஜ் பைப்புக்குள் விட வேண்டும். அதில் 4 மி.மீ. ஓட்டைகள் 8 முதல் 10 போதும், கிடைமட்டத்துக்குச் சற்றுக் கீழ்நோக்கிப் பார்த்தபடி. ஓட்டை பெரிதானால் பெரிய குமிழி வந்து, தண்ணீரில் உடைந்து, டேங்கே அதிரும். வால்வு மூடியதும் பைப்புக்குள் நிற்கும் நீராவி குளிர்ந்து வெற்றிடமாகி, டேங்க் தண்ணீரை மேலே உறிஞ்சி நீராவி லைனுக்குள் இழுக்கும். அதனால் செக் வால்வும் (ஒரே திசையில் மட்டும் விடும் வால்வு), டேங்கின் தண்ணீர் மட்டத்துக்கு மேலே ஒரு வேக்கூம் பிரேக்கரும் (வெற்றிடம் உண்டானால் காற்றை உள்ளே விடும் வால்வு) கட்டாயம். நிறையப் பேர் இந்த இரண்டாவதை விட்டுவிடுகிறார்கள். அடுத்த முறை வால்வு திறக்கும்போது பைப்பில் நிற்கும் தண்ணீரை நீராவி சுத்தியல் போல அடிக்கும்.

ஒரு மணி நேரத் தேவைக்கான தண்ணீர் டேங்கில் நிற்க வேண்டும். நம் மாதிரிக்கு 500 லிட்டர், மேலே காலி இடம் தனி. பாலிஎத்திலீன் டேங்க் இந்தச் சூட்டில் இளகிவிடும். சாதாரண இரும்பு டேங்க் உள்ளே அரித்து, துரு பாய்லருக்குப் போகும். ஸ்டெயின்லெஸ் சரி, ஆனால் தண்ணீரில் குளோரைடு அதிகமிருந்தால் 304 தரம் இந்தச் சூட்டில் வெல்டிங் ஓரத்தில் விரிசல் விடலாம், பரிசோதனை அறிக்கையைப் பார்த்து முடிவு செய்யுங்கள். வெளியே 50 மி.மீ. ராக்வூல், மேலே மூடி, காற்றும் ஆக்சிஜனும் வெளியேற ஒரு வென்ட் பைப். மேக்கப் தண்ணீரை மேலிருந்து தெளிப்பாக விடுங்கள். ஃப்ளோட் வால்வின் பந்து பிளாஸ்டிக்காக இருக்கக் கூடாது.

இங்கேதான் பம்ப் பிரச்சினை தலைகாட்டும். தண்ணீர் சூடாக ஆக, பம்பின் வாயிலேயே கொதிக்கத் துடிக்கும். திறந்த டேங்கில் 30 டிகிரித் தண்ணீருக்கு வளிமண்டலம் ஏறக்குறைய 10 மீட்டர் உந்துதல் தருகிறது. 85 டிகிரியில் அது சுமார் 4.6 மீட்டராகச் சுருங்கும். 90-ல் 3.3. 95-ல் வெறும் 1.8. பம்ப் கேட்கும் என்.பி.எஸ்.எச். (தண்ணீர் கொதிக்காமல் இருக்கப் பம்பின் வாயில் தேவைப்படும் உந்துதல்) 3 மீட்டர் என்றால், 95 டிகிரியில் டேங்கைத் தரையில் வைத்து ஓட்டவே முடியாது. டேங்கின் தண்ணீர் மட்டம் பம்புக்கு 2 மீட்டர் மேலே இருக்கட்டும். மணிக்கு 1,000 லிட்டர் தள்ளும் பம்புக்கு 32 மி.மீ. சக்‌ஷன் பைப் போடுங்கள், வளைவுகளைக் குறையுங்கள், ஸ்ட்ரெய்னரை அடிக்கடி கழுவுங்கள். பம்புக்குள் கூழாங்கல் உருளுவது போலச் சத்தம் வந்து, மோட்டார் ஓடியும் கேஜ் கிளாஸில் (பாய்லரின் தண்ணீர் மட்டத்தைக் காட்டும் கண்ணாடிக் குழாயில்) மட்டம் ஏறாவிட்டால் அது கேவிட்டேஷன், அதாவது பம்புக்குள்ளேயே தண்ணீர் கொதித்து, உண்டாகும் குமிழிகள் உடைவது. அந்த நேரத்தில் தீயை நிறுத்துங்கள். அப்புறம் டேங்க் சூட்டை 80-க்கு இறக்கிப் பார்க்கலாம். கடலிலிருந்து உயரமான இடங்களில் வளிமண்டல அழுத்தம் குறைவதால் மேலே சொன்ன எண்கள் இன்னும் சுருங்கும்.

பம்புக்குப் பதில் இன்ஜெக்டர் (நீராவியின் வேகத்தாலேயே தண்ணீரைப் பாய்லருக்குள் தள்ளும் கருவி) வைத்திருப்பவர்களுக்கு இந்த வழி பொருந்தாது. உள்ளே வரும் நீராவியைத் தண்ணீர் குளிர்வித்தால்தான் இன்ஜெக்டர் பிடிக்கும். தண்ணீர் 50 டிகிரியை நெருங்கினாலே பெரும்பாலானவை உதறிவிடும். இன்ஜெக்டர் தன்னளவில் தண்ணீரைச் சூடாக்கித்தான் பாய்லருக்குள் தள்ளுகிறது என்பது உண்மை, ஆனால் அதுவும் பாய்லர் நீராவிதான்.

எகானமைசர்: பெரிய மிச்சம், பெரிய நிபந்தனை

எகானமைசர் என்பது வெளியேறும் புகையின் சூட்டால் ஃபீட் வாட்டரைச் சூடாக்கும் டியூப் அமைப்பு. புகைபோக்கியில் 240 டிகிரியில் போகும் புகையை 140-க்கு இறக்கினால், கேஸ் எரிக்கும் நம் மாதிரி பாய்லரில் சுமார் 19 கிலோவாட் கிடைக்கும். எரிபொருளில் 4.7 சதவீதம். தண்ணீர் கூடுதலாக 33 டிகிரி ஏறி, 85-லிருந்து 118-க்குப் போகும். கொதிநிலையான 170-க்கு இன்னும் 50 டிகிரி இடைவெளி இருப்பதால் காகிதத்தில் எல்லாம் பாதுகாப்பு.

ஆனால் சின்ன பாய்லர்களில் ஃபீட் பம்ப் விடாமல் ஓடுவதில்லை. லெவல் குறைந்தால் ஓடும், நிறைந்தால் நிற்கும். நின்ற நேரத்தில் பர்னர் எரிந்துகொண்டே இருக்கிறது. எகானமைசருக்குள் நிற்கும் சில லிட்டர் தண்ணீரை அந்த 19 கிலோவாட் சூடாக்கிக்கொண்டே போகும். உள்ளே 20 லிட்டர் இருந்தால் நிமிடத்துக்குச் சுமார் 13 டிகிரி வீதம் ஏறும். நான்கு நிமிடத்தில் கொதிநிலை. பம்ப் மறுபடி ஓடியதும் நீராவிப் பையில் தண்ணீர் மோதி டியூப் இணைப்புகள் அடிபடும். இதற்குத் தீர்வு, பம்பை விடாமல் ஓடவிட்டு மாடுலேட்டிங் ஃபீட் வால்வால் (தேவைக்கேற்பக் கூட்டியும் குறைத்தும் திறக்கும் வால்வால்) அளவைக் கட்டுப்படுத்துவது, அல்லது எகானமைசரிலிருந்து ஃபீட் டேங்குக்கு ஒரு ரிட்டர்ன் லைன் விடுவது. இவை இல்லாமல் எகானமைசரை மட்டும் வாங்கி மாட்டுவது வம்பை விலைக்கு வாங்குவதுதான். இரு பக்கமும் வால்வு போட்டு அடைக்கக்கூடிய எகானமைசருக்குச் சொந்தமாக ஒரு ரிலீஃப் வால்வு வேண்டும். இது அழுத்தம் தாங்கும் பாகம், பாய்லருக்கு உள்ள சட்டமும் இன்ஸ்பெக்‌ஷனும் இதற்கும் உண்டு. பழைய டியூபை வளைத்துப் பட்டறையில் பற்றவைக்கும் வேலை கூடாது.

அடுத்தது எரிபொருள். சுத்தமான கேஸ் புகையில் நீராவி படியும் புள்ளி சுமார் 55 டிகிரி. உள்ளே வரும் தண்ணீர் அதற்கு மேலே இருந்தால் டியூப் நனையாது. கந்தகம் உள்ள எண்ணெயில் அமிலம் 120-150 டிகிரியிலேயே படியும். டியூபின் சூடு புகையைவிடத் தண்ணீரின் சூட்டை ஒட்டித்தான் இருக்கும் என்பதால், 85 டிகிரித் தண்ணீர் ஓடும் இரும்பு டியூப் அங்கே நிச்சயம் அரிக்கும். விறகுக்கும் உமிக்கும் தொல்லை வேறு: சாம்பலும் தாரும். ஃபின் (மெல்லிய தகட்டு விளிம்பு) வைத்த டியூபின் இடுக்கு அடைந்து, டிராஃப்ட் (புகைபோக்கியின் இழுப்பு) குறைந்து, தீ சரியாக எரியாமல், கரி இன்னும் கூடும். விறகு பாய்லருக்கு ஃபின் இல்லாத வெறும் டியூப், அகலமான இடைவெளி, பிரஷ் விட்டுத் தேய்க்கக் கதவு, தேவையானால் ஐ.டி. ஃபேன் (புகையை இழுத்து வெளியேற்றும் விசிறி) என்று தனியாக வடிவமைத்தால்தான் நிற்கும்.

எகானமைசரை முடிவு செய்யும் முன், புகைச் சூடு ஏன் 240 என்று பாருங்கள். டியூபில் கரி படிந்தாலோ, தண்ணீர்ப் பக்கம் சுண்ணாம்புப் படிவு இருந்தாலோ, காற்று அளவுக்கு மீறி விட்டாலோ சூடு ஏறும் அல்லது புகையோடு போகும் வெப்பம் கூடும். டியூபைத் தேய்த்து, பர்னரை டியூன் செய்ததும் புகைச் சூடு 200-க்கு இறங்கிவிட்டால், எகானமைசருக்கு மிஞ்சும் வேலை பாதியை ஒட்டிக் குறைந்துவிடும்.

எக்ஸாஸ்ட் நீராவி

பாய்லர் ஒரு நீராவி எஞ்சினை ஓட்டினால், வெளியே போகும் எக்ஸாஸ்டில் ஏழில் ஒரு பங்கு போதும், ஃபீட் வாட்டரை 90 டிகிரிக்கு மேல் ஏற்றிவிடலாம். உண்மையான மிச்சம், 10 சதவீதத்தைத் தொடும். எக்ஸாஸ்டை நேராகத் தண்ணீரில் கலக்கக் கூடாது, அதில் சிலிண்டர் எண்ணெய் இருக்கிறது. எண்ணெய்ப் படலம் ஃபர்னஸ் தகட்டில் ஒட்டினால் தகடு தண்ணீரைத் தொடாமல் காய்ந்து உப்பிவிடும். ஷெல்லுக்குள் செம்புக் காயில் வைத்து, காயிலுக்குள் தண்ணீர், வெளியே எக்ஸாஸ்ட் என்று பிரியுங்கள். காயிலைப் பம்புக்குப் பிறகு வையுங்கள். பம்ப் குளிர்ந்த தண்ணீரையே இழுப்பதால் கேவிட்டேஷன் பயம் கிடையாது. ஷெல்லில் நுழையும் பைப் எக்ஸாஸ்ட் பைப்பைவிடச் சிறிதாக இருந்தால் எதிரழுத்தம் ஏறி எஞ்சினின் பலம் குறையும். இந்த வழியில் ஆக்சிஜன் வெளியேற இடமில்லை என்பதால் சல்ஃபைட் அளவைக் குறைக்க முடியாது.

ப்ளோடவுனும் சூரிய வெப்பமும்

ப்ளோடவுன் வெப்பத்தைப் பிடிப்பது தொடர்ச்சியான ப்ளோடவுன் உள்ள இடத்தில்தான் பொருந்தும். நம் மாதிரியில் 11 சதவீத ப்ளோடவுனில் 8.5 கிலோவாட் வரை எடுக்கலாம், ஆனால் கண்டென்சேட் திரும்பியதும் அது 3 கிலோவாட்டுக்குக் குறைந்துவிடும். நாளுக்கு இரண்டு முறை கையால் திறந்து மூடும் பாய்லருக்கு இது வேண்டாம்.

சூரிய வாட்டர் ஹீட்டர் மேக்கப் தண்ணீரை 30-லிருந்து 55-க்கு ஏற்றும், அது அசல் மிச்சம். ஆனால் 60 சதவீதம் கண்டென்சேட் வரும் இடத்தில் மேக்கப்பே மணிக்கு 200 லிட்டர்தான், வெயில் இருக்கும்போது 5.8 கிலோவாட். கண்டென்சேட் திரும்ப வழியே இல்லாத, நீராவியை நேராகச் சரக்கில் விடும் தொழிலுக்கு இது நன்றாகப் பொருந்தும். அங்கே 500 லிட்டரும் புதுத் தண்ணீர், மிச்சம் 4 சதவீதம்.

எந்த வழியானாலும் சாஃப்ட்னர் சூடாக்கும் கருவிக்கு முன்னால் வர வேண்டும். கடினத் தண்ணீர் 60 டிகிரியைத் தாண்டினால் சுண்ணாம்பு உதிரத் தொடங்கி, காயிலிலும் ஸ்பார்ஜ் ஓட்டையிலும் எகானமைசரிலும் படியும்.

எதை முதலில், எதோடு எதை

கண்டென்சேட் திரும்பக்கூடிய இடத்தில் அதை முதலில் முடியுங்கள். பிறகு டேங்கை 80-85-க்கு ஏற்ற ஸ்பார்ஜ். இவை இரண்டும் நின்று நிதானமான பிறகே எகானமைசரைப் பற்றிப் பேசுவது சரி, அதுவும் எரிபொருள் கேஸாக, பாய்லர் ஒரு ஷிஃப்டுக்கு மேல் ஓடுவதாக, ஃபீட் வால்வு மாடுலேட் செய்வதாக இருந்தால். நாளுக்கு இரண்டு மணி நேரம் ஓடும் பாய்லருக்கு எகானமைசர் போட்ட பணம் திரும்ப வெகுகாலம் ஆகும், அங்கே டேங்க் இன்சுலேஷனும் ட்ராப் பராமரிப்பும் அதைவிட அதிகம் தரும்.

ஒவ்வொரு வழியின் சதவீதத்தையும் தனித்தனியாகக் கூட்டிப் பார்க்க வேண்டாம். கண்டென்சேட் கூடினால் ப்ளோடவுன் மீட்பும் சூரிய வெப்பமும் சுருங்கும். டேங்க் சூடானால் எகானமைசருக்குள் வரும் தண்ணீருக்கும் புகைக்கும் இடையிலான வித்தியாசம் குறைந்து, அதே மிச்சத்துக்குப் பெரிய எகானமைசர் தேவைப்படும். சப்ளையரிடம் விலை கேட்கும்போது டேங்கின் இப்போதைய சூடு, மேக்கப் லைனில் ஒரு வாட்டர் மீட்டர் வைத்து ஒரு வாரம் எடுத்த அளவு, முழுத் தீயிலும் குறைந்த தீயிலும் புகைச் சூடு, பம்ப் ஒரு மணி நேரத்தில் எத்தனை நிமிடம் ஓடுகிறது, இந்த நான்கையும் எழுதிக் கொடுங்கள். கடைசி எண்ணைக் கேட்காமலே எகானமைசருக்கு விலை சொல்பவரிடம், பம்ப் நிற்கும்போது உள்ளே இருக்கும் தண்ணீருக்கு என்ன ஆகும் என்று கேட்டு, பதிலை எழுத்தில் வாங்குங்கள்.